பழைய கருவியும் புதிய கணினியும்: இடையில் நிற்கும் அடாப்டரின் பொறுப்புகள்



நன்றாக உழைத்துக்கொண்டிருக்கும் ஒரு கருவி எப்போது காயலான் கடைக்குப் போகிறது? பழுதாகிப் போனால் அதில் நியாயம் உண்டு. ஆனால் எடைமேடையின் இண்டிகேட்டர், சிஎன்சி லேத், ஆய்வகத் தராசு, நிறமாலைமானி, ஆலையின் பிஎல்சி போன்றவற்றில் பல, எந்தப் பழுதும் இல்லாமலேயே ஓரங்கட்டப்படுகின்றன. அவற்றோடு இத்தனை காலம் பேசிக்கொண்டிருந்த கணினி ஓய்ந்துபோகிறது. புதிதாக வாங்கிய கணினியில் அந்த ஒன்பது பின் சீரியல் போர்ட் இல்லை. கடைக்குப் போய் ஒரு யூஎஸ்பி அடாப்டர் வாங்கி மாட்டிப் பார்க்கிறார்கள். ஓரிடத்தில் உடனே வேலை செய்கிறது. இன்னோரிடத்தில் புரியாத எழுத்துகள் வருகின்றன. வேறோரிடத்தில் காலையில் ஓடியது மாலையில் நின்றுவிடுகிறது. ‘மெஷின் பழசாகிவிட்டது, மாற்றிவிடலாம்’ என்று முடிவு செய்துவிடுகிறார்கள். இந்த முடிவு பெரும்பாலும் தவறானது என்பதே இன்று நான் முன்வைக்கும் வாதம். அடாப்டரை ஒரு துண்டுக் கம்பியாக எண்ணி வாங்குவதில்தான் கோளாறு தொடங்குகிறது. அது தனக்கென்று நினைவகமும் கட்டுப்பாட்டுச் சுற்றும் கொண்ட ஒரு தனிக் கருவி. மின்னழுத்தத்தை மாற்றுவது, கம்பிகளின் முறையைக் காப்பது, நேரத்தைக் காப்பது, கணினியிடம் தன்னைச் சரியாக அடையாளம் காட்டுவது என்று நான்கு பொறுப்புகள் அதற்கு உண்டு. இந்த நான்கையும் விசாரித்து வாங்கினால் பழைய கருவிகளில் மிகப் பலவற்றைக் காப்பாற்றலாம். காப்பாற்ற முடியாத இடத்தில், ஏன் முடியவில்லை என்பதாவது தெளிவாகத் தெரிந்துவிடும்.

இந்தச் சீரியல் இணைப்பு எப்படிப் பிறந்தது என்பதை முதலில் பார்ப்போம். அமெரிக்காவின் எலக்ட்ரானிக் இண்டஸ்ட்ரீஸ் அசோசியேஷன் 1960-இல் ஆர்எஸ்-232 என்ற தரத்தை வெளியிட்டது. தொலைதட்டச்சுப் பொறி போன்ற ஒரு முனையத்தை மோடத்தோடு எப்படிப் பேசவைப்பது என்பதே அன்றைய கேள்வி. 1969-இல் வந்த அதன் ‘சி’ திருத்தம் பல பத்தாண்டுகள் கோலோச்சியது. பிட்டுகள் ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். 1 என்ற பிட்டுக்கு எதிர் மின்னழுத்தம், 0-க்கு நேர் மின்னழுத்தம். அனுப்புபவர் குறைந்தது 5 வோல்ட் தர வேண்டும்; பெறுபவர் 3 வோல்ட் வந்தாலே புரிந்துகொள்ள வேண்டும். இடையிலுள்ள 2 வோல்ட், வழியில் நேரும் இழப்புக்கும் இரைச்சலுக்கும் விட்டுவைத்த இடம். 3 வோல்ட்டுக்குக் கீழே, எந்தப் பக்கம் இருந்தாலும், அதற்குப் பொருள் கிடையாது. தொடக்கத்தில் 25 பின் கொண்ட கனெக்டரே வழக்கம்; 1984-இல் வந்த ஐபிஎம் பிசி/ஏடி கணினி 9 பின் கனெக்டரைப் பரப்பியது. பேசவும் கேட்கவும் ஒவ்வொரு கம்பி, பொதுவான கிரவுண்டுக்கு ஒன்று என மூன்று கம்பிகளும் விலை குறைந்த ஒரு சிப்பும் இருந்தால் எந்தக் கருவியையும் பேசவைத்துவிடலாம். அளவைக் கருவி செய்பவர்களும் இயந்திரம் செய்பவர்களும் உலகெங்கும் இதை விரும்பி ஏற்றதற்கு இந்த எளிமைதான் காரணம். இருபது முப்பது ஆண்டுகள் உழைக்கும்படி செய்யப்பட்ட கருவிகளில் இது குடியேறியது. கணினியோ ஐந்தாறு ஆண்டுகளில் மாறும் பொருள். இரண்டின் ஆயுளும் ஒத்துப்போகாததுதான் இன்றைய சிக்கலின் அடித்தளம்.

கணினி செய்பவர்கள் இந்தப் போர்ட்டைக் கைவிட்டதற்கும் நியாயமான காரணம் இருந்தது. கீபோர்டுக்கு ஒரு துளை, பிரிண்டருக்கு ஒன்று, மோடத்துக்கு ஒன்று என்று கணினியின் முதுகு நிறைந்துகிடந்தது. சீரியல் கருவி ஒன்றை மாட்டினால் அதன் வேகம், பேரிட்டி என்ற பிழைச்சோதனை பிட் எல்லாவற்றையும் மனிதர்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். 1996 ஜனவரியில் வெளியான யூஎஸ்பி 1.0 இந்தத் தொல்லைகளைத் தீர்க்க வந்தது. 1998-இல் ஆப்பிளின் ஐமேக் பழைய போர்ட்டுகளை விட்டுவிட்டு யூஎஸ்பியோடு சந்தைக்கு வந்தது. மைக்ரோசாஃப்ட்டும் இன்டெலும் சேர்ந்து வகுத்த பிசி வடிவமைப்பு வழிகாட்டிகளும் பழைய போர்ட்டுகளைத் தவிர்க்கச் சொல்லின. அடுத்த சில ஆண்டுகளில் லேப்டாப்புகளிலிருந்து சீரியல் போர்ட் மறைந்தது. ஆனால் இந்த இரண்டு முறைகளும் அடிப்படையிலேயே வேறானவை. ஆர்எஸ்-232-இல் இரு பக்கமும் நினைத்த நேரத்தில் பேசலாம். ஓர் எழுத்து புறப்பட்ட நொடியிலேயே மறுமுனைக்குப் போய்ச் சேரத் தொடங்கும். யூஎஸ்பியில் கணினி கேட்டால்தான் கருவி பதில் சொல்லும்; தானாக வாய் திறக்காது. தகவல்கள் பொட்டலம் பொட்டலமாகப் போகும். இந்த அடாப்டர்கள் பெரும்பாலும் இயங்கும் யூஎஸ்பி வேகத்தில் 1 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை என்று காலமே கூறு போடப்பட்டிருக்கும். ஆகவே இவ்விரண்டையும் வெறும் செம்புக் கம்பியால் இணைக்க முடியாது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவுக்கும் உள்ளூர் மக்களுக்கும் நடுவில் ஆனந்தரங்கப் பிள்ளை நின்றது போல, இங்கேயும் ஒரு துபாஷி தேவை. இரு தரப்பின் பேச்சும் அவருக்குத் தெரிய வேண்டும். யார் எப்போது பேசலாம் என்ற முறையும் தெரிய வேண்டும். சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சேர்க்கும் நம்பகமும் வேண்டும்.

முதல் பொறுப்பு மின்னழுத்தம். யூஎஸ்பி தருவது 5 வோல்ட் மட்டும். எதிர் மின்னழுத்தம் அதில் கிடையாது. ஆகவே அடாப்டர் தனக்குள்ளேயே அதை உருவாக்கிக்கொள்ள வேண்டும். 5 வோல்ட்டிலிருந்து நேரும் எதிருமாக ஆர்எஸ்-232 அளவுகளைப் படைக்கும் சிப்புகள் 1980-களிலேயே வந்துவிட்டன. அவற்றுள் மேக்ஸ்232 புகழ்பெற்றது. நல்ல அடாப்டரில் இத்தகைய பகுதி கட்டாயம் இருக்கும். விலையைக் குறைக்க விரும்புபவர்கள் கைவைக்கும் முதல் இடமும் இதுதான். எதிர் மின்னழுத்தமே இல்லாமல் 0 வோல்ட்டுக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையில் மட்டும் ஆடும் அடாப்டர்கள் விற்கப்படுகின்றன. வியப்பு என்னவென்றால், அவை பல கருவிகளோடு வேலையும் செய்கின்றன. பழைய 1489 வகை ஏற்பிச் சிப்புகள் 1 வோல்ட்டை ஒட்டிய அளவிலேயே 1-ஐயும் 0-ஐயும் பிரித்துவிடும். 0 வோல்ட் வந்தாலும் அதை எதிர் மின்னழுத்தமாகவே எடுத்துக்கொள்ளும். தரம் சொல்லும்படி எதிர் மின்னழுத்தத்தை உண்மையிலேயே எதிர்பார்க்கும் கருவியிடம் போனால் அதே அடாப்டர் ஊமையாகிவிடும். ‘அந்த மெஷினில் ஓடியது, இந்த மெஷினில் ஓடவில்லை, ஆகவே இந்த மெஷின்தான் கோளாறு’ என்ற பிழையான முடிவு இங்கிருந்துதான் பிறக்கிறது. இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. மைக்ரோகன்ட்ரோலர் போர்டுகளுக்கென்று 3.3 வோல்ட், 5 வோல்ட் அளவில் பேசும் டிடிஎல் அடாப்டர்கள் அதே சிப்பின் பெயரோடு, அதே கடையில், அருகருகே விற்கப்படுகின்றன. அவற்றைப் பழைய கருவியின் 12 வோல்ட் கம்பியோடு இணைத்தால் சிப் கருகிப்போகலாம். சோதிப்பது எளிது. அடாப்டரைக் கணினியில் மாட்டி, எதுவும் அனுப்பாமல், 5-ஆம் பின்னுக்கும் 3-ஆம் பின்னுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 5 வோல்ட்டோ அதற்கு மேலோ எதிர்க்குறியோடு காட்டினால் அது முறையான ஆர்எஸ்-232. 0 என்றோ நேர்க்குறியோடோ காட்டினால் அது வேறு வேலைக்கு உரியது.

இரண்டாவது பொறுப்பு கம்பிகளின் முறை. ஆர்எஸ்-232 தரம் இரண்டு பாத்திரங்களை வகுத்தது: ஒன்று முனையம், மற்றது மோடம். 9 பின் கனெக்டரில் முனையம் 3-ஆம் பின்னில் பேசும், 2-ஆம் பின்னில் கேட்கும். மோடம் இதற்கு எதிர்மாறு. அடாப்டர் எப்போதும் முனையத்தின் பாத்திரத்தில் நிற்கும். எதிரிலுள்ள கருவியும் முனையமாக வடிவமைக்கப்பட்டிருந்தால் இருவரும் ஒரே கம்பியில் பேசி, ஒரே கம்பியில் காது வைத்திருப்பார்கள். அப்போது கிராஸ் கேபிள் தேவை. கருவியின் கையேடு தொலைந்துபோயிருந்தாலும் வழி உண்டு. கருவியை ஓடவிட்டு, 5-ஆம் பின்னோடு ஒப்பிட்டு 2, 3 ஆகிய பின்களை அளந்தால், சும்மா இருக்கும்போதும் எதிர் மின்னழுத்தம் காட்டும் பின்தான் அக்கருவி பேசும் பின். இவை தவிர ‘அனுப்பலாமா’, ‘தயார்’ என்று சைகை காட்டும் ஆர்டிஎஸ், சிடிஎஸ், டிடிஆர், டிஎஸ்ஆர் கம்பிகள் உண்டு. சில கருவிகள் அந்தச் சைகை வராமல் ஓர் எழுத்தும் அனுப்பாது. பழைய சீரியல் மவுஸ் போன்ற சில சிறு கருவிகள் தமக்கு வேண்டிய மின்சாரத்தையே இந்தச் சைகைக் கம்பிகளிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். மூன்று கம்பிகளை மட்டும் இணைத்த அடாப்டரோ, மின்னழுத்தம் தாழ்ந்த அடாப்டரோ இந்த இடத்தில் தோற்றுப்போகும். கருவிக்கு எந்தெந்தக் கம்பிகள் வேண்டும் என்று தெரிந்துகொண்டு, அவை அனைத்தும் உள்ளனவா என்று பார்த்த பிறகே அடாப்டரை வாங்க வேண்டும்.

மூன்றாவது பொறுப்பு நேரம். நான்கிலும் நுட்பமானது இதுதான். பலரும் கவனிக்கத் தவறுவதும் இதைத்தான். 9600 பாட், அதாவது நொடிக்கு 9600 பிட் வேகத்தில் ஓர் எழுத்துக்கு 10 பிட் என்று கொண்டால் நொடிக்கு 960 எழுத்துகள். ஓர் எழுத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிசெகண்ட். பழைய கணினியில் ஓர் எழுத்து வந்தவுடன் மென்பொருளுக்குச் செய்தி போகும். அடாப்டர் அப்படிச் செய்வதில்லை. பொட்டலம் நிறையட்டும் என்று சிறிது காத்திருக்கும். எஃப்டிடிஐ நிறுவனத்தின் பரவலான சிப்பில் இந்தக் காத்திருப்பு, மாற்றாமல் விட்டால், 16 மில்லிசெகண்ட். எடைமேடை நொடிக்குச் சில முறை எடையை அனுப்பிக்கொண்டிருந்தால் இந்தத் தாமதம் யார் கண்ணிலும் படாது. ஆனால் கணினி ஒரு கேள்வி கேட்டு, கருவி ஒரு சிறு பதில் தந்து, மறுபடி கேள்வி என்று ஆயிரம் முறை நடந்தால் 16 செகண்ட் வரை வெறும் காத்திருப்பிலேயே கழியும். ஆலைகளில் பரவலாக உள்ள மோட்பஸ் முறையில் விளைவு இன்னும் கூர்மையாகத் தெரியும். 1979-இல் மோடிகான் நிறுவனம் வகுத்த அந்த முறையின் ஆர்டியு வடிவத்தில், ஒரு செய்தி முடிந்தது என்பதற்கான அடையாளமே மூன்றரை எழுத்து நேர மௌனம்தான். 9600 வேகத்தில் அது ஏறத்தாழ 4 மில்லிசெகண்ட். எழுத்துகளை 16 மில்லிசெகண்ட் தேக்கிவைத்துத் தரும் அடாப்டருக்குப் பின்னால் இருக்கும் மென்பொருள், அந்த மௌனத்தை எப்படி அளக்கும்? சிஎன்சி இயந்திரத்துக்கு நீண்ட நிரலைச் சொட்டுச் சொட்டாக ஊட்டும்போதும் இதே கதைதான். இயந்திரம் ‘நிறுத்து’ என்று சைகை காட்டுகிறது. கணினி நிறுத்துகிறது. ஆனால் ஏற்கெனவே அடாப்டரின் நினைவகத்தில் வரிசையில் நிற்கும் எழுத்துகள் போய்க்கொண்டே இருக்கின்றன. இயந்திரத்தின் சிறிய நினைவகம் நிரம்பி அலாரம் அடிக்கிறது. இவை ஒவ்வொன்றுக்கும் தீர்வு உண்டு. காத்திருப்பு நேரத்தை டிரைவர் அமைப்பில் 1 மில்லிசெகண்டாகக் குறைக்கலாம். ‘நிறுத்து’ என்ற சைகையைக் கணினி வரை போகவிடாமல் சிப்புக்குள்ளேயே கவனிக்கும் அடாப்டரைத் தேர்ந்தெடுக்கலாம். மோட்பஸ் மென்பொருள் மௌனத்தை மட்டும் நம்பாமல், செய்தியின் நீளத்தையும் இறுதியிலுள்ள பிழைச்சோதனை எண்ணையும் பார்க்கும்படி எழுதலாம். இந்தத் தீர்வுகளைத் தேடிப் போக, முதலில் அடாப்டர் நேரத்தை மாற்றக்கூடிய கருவி என்ற உணர்வு வேண்டும்.

நான்காவது பொறுப்பு அடையாளம். யூஎஸ்பியில் மாட்டும் ஒவ்வொரு கருவியும் தன்னைச் செய்தவரின் எண்ணையும் பொருளின் எண்ணையும் கணினிக்குச் சொல்ல வேண்டும். அதைப் பார்த்துத்தான் கணினி உரிய டிரைவரைத் தேடும். ஸ்காட்லாந்தின் எஃப்டிடிஐ, தைவானின் ப்ரோலிஃபிக், அமெரிக்காவின் சிலிக்கன் லேப்ஸ், சீனாவின் டபிள்யூசிஹெச் ஆகியவை இந்தச் சிப்புகளைச் செய்வதில் பெயர்பெற்றவை. இவற்றின் எண்களைத் திருடிச் செய்த போலிச் சிப்புகளும் சந்தையில் ஏராளம். 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த எஃப்டிடிஐ டிரைவர் ஒன்று, போலிச் சிப் என்று கண்டறிந்தால் அதன் பொருள் எண்ணை 0 என்று மாற்றி எழுதியது. முதல் நாள் வரை ஓடிய கருவிகள் அடுத்த நாள் கணினியின் கண்ணுக்கே தெரியவில்லை. கடும் எதிர்ப்பு எழுந்து அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. ப்ரோலிஃபிக் நிறுவனமும் தன் பழைய சிப் வகையைக் கைவிட்ட பிறகு, புதிய விண்டோஸ் டிரைவர்களில் அதற்கு இடம் தரவில்லை. போலியைத் தடுக்க ஒரு நிறுவனத்துக்கு உரிமை உண்டு. ஆனால் தான் வாங்கியது போலி என்றே அறியாத பட்டறைக்காரர் அதற்குத் தண்டனை அனுபவிப்பது நியாயம் ஆகாது. இதில் நமக்குள்ள பாடம் தெளிவானது: அடாப்டரின் உள்ளே எந்தச் சிப் இருக்கிறது என்று விற்பவர் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் வாங்கக் கூடாது. லினக்ஸில் இந்தச் சிப்புகளுக்கான டிரைவர்கள் கெர்னலிலேயே சேர்ந்து வருவதால் இந்தத் தொல்லை குறைவு. விண்டோஸில் இன்னொரு சங்கடமும் உண்டு. தனி வரிசை எண் இல்லாத அடாப்டரை வேறொரு யூஎஸ்பி துளையில் மாட்டினால் காம் போர்ட் எண் மாறிவிடும். காம் 1 முதல் காம் 4 வரை மட்டுமே அறிந்த பழைய மென்பொருள், காம் 11-இல் நிற்கும் கருவியைத் தேடிக் களைத்துப்போகும். டிவைஸ் மேனேஜரில் எண்ணை மாற்றி நிலைநிறுத்தினால் இது தீரும்.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். ‘இவ்வளவு பாடுபடுவதற்குப் பதிலாகப் புதிய கருவியே வாங்கிவிடலாமே’ என்பது முதலாவது. உதிரிப்பாகம் கிடைக்காத கருவி, அளவு தப்பும் கருவி, தொழிலாளியின் பாதுகாப்புக்கு ஊறு செய்யும் இயந்திரம் ஆகியவற்றை மாற்றத்தான் வேண்டும். அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் இணைப்பு ஒன்று மட்டுமே காரணமாக இருக்கும்போது கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். தரமான அடாப்டரின் விலை சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். ஒரு சிஎன்சி லேத்தின் விலை பல லட்சம். விலையோடும் அது முடிவதில்லை. புதிய இயந்திரத்துக்கு நிரல்களை மாற்றி எழுத வேண்டும், ஆட்களைப் பழக்க வேண்டும். ஆய்வகக் கருவியை மாற்றினால், பழைய அளவீடுகளோடு புதியவை ஒத்துப்போகின்றனவா என்று மறுபடி நிறுவ வேண்டும். எடைமேடையில் அளவைப் பகுதி அரசின் சரிபார்ப்புக்கும் முத்திரைக்கும் உட்பட்டது. அடாப்டரோ அந்த முத்திரைக்கு வெளியே நிற்பது. மேலும், எறியப்படும் ஒவ்வொரு கருவியும் மின்னணுக் கழிவாக யாரோ ஒருவர் கையில், ஏதோ ஓர் ஊரின் மண்ணில் சேர்கிறது. உழைக்கக்கூடிய ஒன்றைக் கழிவாக்குவதற்கு வலுவான காரணம் வேண்டும்.

‘அடாப்டரை நம்ப முடியாது, தவறான எண் வருகிறது’ என்பது இரண்டாவது எதிர்வாதம். இதை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன்; எடையில் ஓர் இலக்கம் தவறினால் பணத்தில் தவறு நேரும். ஆனால் தவறு எங்கே பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். கருவி 7 பிட்டும் இரட்டைப் பேரிட்டியும் வைத்துப் பேசுகிறது, கணினி 8 பிட், பேரிட்டி இல்லை என்று கேட்கிறது என வைத்துக்கொள்ளுங்கள். அப்போது 0, 3, 5, 6, 9 ஆகிய இலக்கங்கள் சரியாக வரும்; 1, 2, 4, 7, 8 ஆகியவை மட்டும் வேறு குறிகளாக மாறிவிடும். ஒவ்வோர் இலக்கத்தின் குறியீட்டிலும் உள்ள 1-களின் எண்ணிக்கை இரட்டையா ஒற்றையா என்பதே இதைத் தீர்மானிக்கிறது. பாதி சரி, பாதி தவறு என்று பார்ப்பவர் அடாப்டரைச் சபிப்பார். மென்பொருளில் ஒரே ஓர் அமைப்பை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும். எப்போதாவது மட்டும் நின்றுபோகிறது என்றால் வேறு இடங்களில் தேட வேண்டும். மோட்டாரும் கான்டாக்டரும் இயங்கும் இடத்தில் யூஎஸ்பி கேபிளை நீட்டிக்கொண்டே போனால் இரைச்சல் புகும். இந்த வகை யூஎஸ்பி கேபிளுக்கு 5 மீட்டர் எல்லை. ஆர்எஸ்-232-க்கு வழக்கமாகச் சொல்லும் எல்லை 15 மீட்டர். ஆகவே யூஎஸ்பி பக்கத்தைக் குட்டையாகவும் சீரியல் பக்கத்தை நீளமாகவும் வைக்க வேண்டும். அதற்கும் மேல் தூரம் என்றால், குறைந்த வேகத்தில் 1200 மீட்டர் வரை போகும் ஆர்எஸ்-485 முறைக்கு மாற்ற வேண்டும். இயந்திரத்தின் கிரவுண்டும் கணினியின் கிரவுண்டும் ஒரே மட்டத்தில் இல்லையென்றால், மின் தொடர்பைத் துண்டித்துத் தகவலை மட்டும் கடத்தும் ஐசோலேட்டட் அடாப்டரே பாதுகாப்பு. மென்பொருளும் தன் பங்கைச் செய்ய வேண்டும்: செய்தியின் தொடக்கக் குறி, முடிவுக் குறி, நீளம் மூன்றும் சரியாக இருந்து, அடுத்தடுத்து வந்த அளவுகள் ஒத்துப்போனால்தான் எடையைப் பதிய வேண்டும்.

‘பழைய கணினியையே பாதுகாத்து வைத்துக்கொண்டால் போதுமே’ என்பது மூன்றாவது. சில காலம் போதும். ஆனால் விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அந்தக் கணினியை வலையமைப்பில் இணைப்பது ஆபத்து. அதன் ஹார்ட் டிஸ்க்கும் மின்தேக்கிகளும் முதுமையடைந்துகொண்டே போகின்றன. ஒரு நாள் அது நிற்கும்போது, அவசரத்தில், கையில் கிடைத்த அடாப்டரை மாட்டும் நிலை வரும். இந்த எதிர்வாதத்தில் ஓர் உண்மை இருப்பதையும் ஒப்புக்கொள்கிறேன். டாஸ் கால மென்பொருள் சில, இயக்க முறைமையைக் கேட்காமல், 3எஃப்8 என்ற முகவரியில் உள்ள சீரியல் சிப்போடு நேராகப் பேசும்படி எழுதப்பட்டவை. யூஎஸ்பி அடாப்டர் அந்த முகவரியில் வந்து நிற்காது. டாஸ்பாக்ஸ் போன்ற மென்பொருள்கள் சில இடங்களில் பாலம் போட்டுத் தரும். நேரம் மிகக் கறாராக வேண்டிய இடங்களில், மதர்போர்டிலேயே 10 பின் காம் ஹெடர் உள்ள புதிய டெஸ்க்டாப்பைத் தேடி வாங்குவதே நல்லது. அத்தகைய போர்டுகள் இன்றும் கிடைக்கின்றன. அடாப்டரின் எல்லை தெரிந்தவர்தான் இந்த இடத்தில் சரியான முடிவை எடுக்க முடியும்.

கடைசி எதிர்வாதம் பாதுகாப்பு பற்றியது. யூஎஸ்பிக்குப் பதிலாக ஈதர்நெட் வழியாகச் சீரியல் கருவிகளை இணைக்கும் கன்வெர்ட்டர்களும் ஆலைகளில் பரவலாக உள்ளன. ‘பழைய கருவியை வலையமைப்போடு இணைத்தால் திருடனுக்குக் கதவைத் திறந்துவிடுவது ஆகாதா’ என்கிறார்கள். இந்த அச்சத்துக்கு ஆதாரம் உண்டு. 2015 டிசம்பர் 23-ஆம் தேதி உக்ரைனின் மூன்று மின் விநியோக நிறுவனங்கள் இணையவழித் தாக்குதலுக்கு உள்ளாயின. ஏறத்தாழ 2,25,000 நுகர்வோர் மின்சாரம் இழந்தார்கள். தாக்கியவர்கள் சுவிட்சுகளைத் திறந்ததோடு நிற்கவில்லை. துணைமின் நிலையங்களில் இருந்த சீரியல்-ஈதர்நெட் கன்வெர்ட்டர்களின் உள்மென்பொருளை அழித்தெழுதிச் செயலிழக்கச் செய்தார்கள். அதனால் மையத்திலிருந்து சுவிட்சுகளைத் திரும்ப மூட வழியில்லாமல், ஊழியர்கள் நேரில் போய்க் கையால் இயக்க வேண்டியதாயிற்று. இந்த நிகழ்ச்சி என் வாதத்தை மறுப்பதாக நான் கருதவில்லை. அதற்கு இதைவிடப் பெரிய சான்று கிடையாது. கம்பி என்றால் அதன் மென்பொருளை யார் அழிக்க முடியும்? இடையில் நிற்பது ஒரு கணினி என்று உணர்ந்திருந்தால் அதற்குக் கடவுச்சொல் வைத்திருப்போம், உள்மென்பொருளைக் கண்காணித்திருப்போம், தனி வலையமைப்பில் அடைத்து வைத்திருப்போம். கருவி பக்கத்திலேயே கணினி இருக்கும் இடத்தில் யூஎஸ்பி அடாப்டர் போதும். வலையமைப்பு வழியாகத்தான் இணைக்க வேண்டும் என்றால், சர்வருக்குத் தரும் அதே காவலை அந்தக் கன்வெர்ட்டருக்கும் தர வேண்டும்.

எனவே கருவிகளைப் பொறுப்பில் வைத்திருக்கும் உங்களிடம் என் வேண்டுகோள்கள் இவை. உங்கள் ஒவ்வொரு கருவிக்கும் பாட் வேகம், பிட் எண்ணிக்கை, பேரிட்டி, ஸ்டாப் பிட், வேண்டிய சைகைக் கம்பிகள், நேரான கேபிளா கிராஸ் கேபிளா என்பதை ஒரு தாளில் எழுதி, கருவியின் மேலேயே ஒட்டிவையுங்கள். பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்யுங்கள். அது போன பிறகு இந்த விவரங்களைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. சிப்பின் பெயர் தெரிந்த அடாப்டரையே வாங்குங்கள். நன்றாக ஓடுவது ஒன்று கிடைத்தால் அதே வகையில் இன்னொன்றும் வாங்கிக் கையிருப்பில் வையுங்கள். வாங்கியதும் 2, 3 ஆகிய பின்களைச் சிறு கம்பியால் இணைத்து, அனுப்பிய எழுத்து அப்படியே திரும்புகிறதா என்று பாருங்கள். பிறகு மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். அதன் பிறகே கருவியோடு இணையுங்கள். பொறியியல் கல்லூரிகளின் ஆசிரியர்களே, இந்தச் சோதனைகளை ஒரு பிற்பகல் ஆய்வக வகுப்பில் மாணவர்களுக்குக் கற்றுத்தந்துவிடலாம்; படித்து வெளியே வருபவர் முதலில் வேலைக்குப் போகும் ஆலையில் அவருக்காக இந்தக் கருவிகள் காத்திருக்கின்றன. மின்னழுத்தம், கம்பி, நேரம், அடையாளம் என்ற நான்கையும் சோதித்து முடிக்கும் வரை எந்தக் கருவிக்கும் ‘பழசு’ என்று தீர்ப்பு எழுதாதீர்கள்.